புல்லுக்குள் அசைந்த பந்து

இந்த வாரம் எழுதப்போகும் காரியத்தை மூன்று வாரங்களாகத் தள்ளிப்போட்டு வந்தேன். முதல் வாரம் காய்ச்சல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் ஞாயிறு பள்ளி ஆண்டுவிழா. மூன்றாவது வாரம் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை; ஆனாலும் எழுதவில்லை. இனிமேல் தள்ளினால் அதுவே இன்னொரு மறைப்பாகிவிடும்.

நான் கோல்ஃப் ஆடுகிறவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். சிலருக்கு அதில் வருத்தம் உண்டு என்பது எனக்கும் தெரியும். அது தொடங்கிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்று மருத்துவர் என்னை நடக்கச் சொன்னார். நடந்தேன். ஆனால் மலைமேல் உள்ள ஒரு சிற்றூரில் போதகன் நடப்பது நடையாக இருப்பதில்லை. வழிநெடுகச் சபையாரின் வீடுகள். "ஐயா, வாசல்வரை வந்துவிட்டு ஜெபிக்காமல் போகலாமா?" என்பார்கள். ஜெபம் முடிந்ததும் தேநீர் வரும், அதில் இரண்டு கரண்டிச் சர்க்கரை, உடன் ஒரு தட்டில் முறுக்கு. ஒரு மாதம் நடந்தபின் சர்க்கரையின் அளவு முன்னைவிடக் கூடியிருந்தது.

அப்போதுதான் நம் சபையின் ஓய்வுபெற்ற இராணுவ மருத்துவர் ஒருவர் என்னைக் கோல்ஃப் திடலுக்கு அழைத்தார். "பாஸ்டர், அங்கே ஐந்தாறு கிலோமீட்டர் நடக்கலாம். வழியில் ஒருவரும் டீ கொடுக்கமாட்டார்கள். அங்கே டீ என்பது பந்தை நிறுத்தும் சிறிய ஆணி" என்றார். கொடைக்கானல் கோல்ஃப் கழகம் 1895-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் ஏறி இறங்கும் புல்வெளி. காலையில் மூடுபனி விலகும்வரை அடித்த பந்து எங்கே போயிற்று என்பது தெரியாது. காட்டெருமைகள் வந்து நின்றால், அவை நகரும்வரை நாம்தான் காத்திருக்க வேண்டும். அவற்றை அவசரப்படுத்த எந்த விதியும் இல்லை.

எனக்குத் தயக்கம் இருந்தது. நம் சபையில் கேரட் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பூண்டு தரம் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பங்களாக்களில் காவல் காக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய போதகன் பணக்காரர் விளையாட்டு ஒன்றில் போய் நிற்பதா? சபைக்குழுவில் ஒருவர் இதை என் முகத்துக்கு நேராகவே கேட்டார். அவர் கேட்டது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். மருத்துவரின் பழைய மட்டைகள், அவருடைய விருந்தாளியாக நுழைவு, திங்கட்கிழமை மட்டும் ஆட்டம் என்று பதில் சொன்னேன். அது செலவுக்கான பதிலே தவிர கேள்விக்கான பதில் அல்ல.

அந்தத் தயக்கத்தை இன்னும் கூட்டியது வேறொன்று. மட்டைப்பையைச் சுமக்க வந்தவர் நம் சபையின் மூப்பான அங்கத்தினர். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். ஆங்கிலத்தில் அவர்களை அழைக்கும் சொல் நம் காதில் 'கேடி' என்று விழுகிறது. தமிழில் அந்தச் சொல்லுக்குப் போலீஸ் பட்டியலில் இடம்பெற்றவன் என்று பொருள். "நாற்பது வருடமாய் நான் கேடிதான் ஐயா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். முதல் நாள் நான் பையைப் பிடுங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். என்னைவிட மூத்தவர், ஞாயிறுதோறும் என் முன்னால் அமர்கிறவர், அவர் எனக்காகச் சுமப்பதா? அவர் நிதானமாக, "நீங்களே சுமந்தால் என் கூலி என்னாகும் ஐயா?" என்றார். என் தாழ்மையின் விலையை அவர் வீட்டு அடுப்பு கொடுக்கவேண்டியிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. பையைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆட்டத்துக்கு ஆயத்தப்படுவதில் நான் செய்த மூடத்தனத்தையும் சொல்லவேண்டும். இறையியல் கல்லூரியில் படித்தவனுக்கு எதையும் புத்தகத்திலிருந்தே தொடங்கும் வியாதி உண்டு. மட்டையைப் பிடிக்கும் முறை, கால்களை அகற்றும் அளவு, தோள் திரும்பும் கோணம் என்று குறிப்பேடு நிறைய எழுதினேன். இரவில் குருமனைக் கூடத்தில் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வீசிப் பார்ப்பேன். ஒருமுறை சுவர்க் கடிகாரம் தப்பியது கிருபை. என் மனைவி அந்த நேரங்களில் சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை. கம்பளத்தின் மேல் எவர்சில்வர் டம்ளரைச் சாய்த்து வைத்துப் பந்தை உருட்டிப் பழகினேன். குழியின் விட்டம் 4.25 அங்குலம், எங்கள் டம்ளரின் வாயோ மூன்று அங்குலம்தான். டம்ளரில் விழுந்தால் குழியில் விழாமல் போகுமா என்பது என் தர்க்கம். கம்பளம் சமதளமானது, மலை சமதளமானது அல்ல என்பதைத் தர்க்கம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு ஆயத்தத்தோடு முதல் திடலில் நின்றபோது என் தலைக்குள் பன்னிரண்டு கட்டளைகள் ஒரே நேரத்தில் ஒலித்தன. மட்டையை வீசினேன். பந்து பத்தடி தூரம் உருண்டு, வெட்கப்பட்டதுபோல் நின்றது. கல்லூரியில் என் முதல் பிரசங்கம் நினைவுக்கு வந்தது. இருபத்திரண்டு பக்கக் குறிப்புகள்; மூல மொழி விளக்கங்கள்; ஒரு பாட்டி முன் வரிசையிலேயே உறங்கிவிட்டார்.

மருத்துவரின் ஆயத்தம் வேறுவிதமானது. ஆட்டத்துக்கு அரைமணி நேரம் முன்னதாக வருவார். பெரிய மட்டையைத் தொடவே மாட்டார். காலணியின் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டுவார். யூகலிப்டஸ் மரங்களின் உச்சி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். பிறகு கிரீனுக்குப் போய் மூன்றடித் தூரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பந்துகளை உருட்டுவார். அவ்வளவுதான். எனக்கு அது சோம்பலாகத் தோன்றியது. பிறகு கணக்கு எனக்கே புரிந்தது. 72 அடிகளில் முடிக்க வேண்டிய திடல் ஒன்றில், ஒவ்வொரு கிரீனுக்கும் இரண்டு என்று பதினெட்டுக் குழிக்கு 36 அடிகளை உருட்டுவதற்கே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆட்டத்தில் சரிபாதி அது. நம்மைப்போன்றவர்கள் மற்றப் பாதியில், அதிலும் வானத்தைக் கிழிக்கும் ஒரே ஒரு அடியில், ஆயத்தம் முழுவதையும் செலவழிக்கிறோம். "மட்டையை வீசும்போது ஒரு நினைவு போதும் பாஸ்டர். இரண்டாவது நினைவு வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி நில்லுங்கள்" என்றார். என் ஒரே நினைவு, 'தலையைத் தூக்காதே' என்பதாக இருந்தது. பந்து எங்கே போயிற்று என்று அடிக்குமுன்பே பார்க்கும் ஆவல் எனக்கு.

சந்தோஷமும் அதற்குப் பிறகுதான் வந்தது. அமெச்சூர் என்ற சொல்லை நாம் 'தேர்ச்சியில்லாதவன்' என்ற பொருளில் வழங்குகிறோம். அதன் இலத்தீன் மூலத்துக்கு நேசிக்கிறவன் என்று பொருள். பதினெட்டுக் குழிகளில் ஒரே ஒரு அடி சரியாக விழும். கையில் அதிர்வே இருக்காது. மெல்லிய காற்றில் பந்து எழும்பி, நான் செய்ததுதானா என்று நானே வியக்கும்படி நீலத்துக்குள் போகும். அந்த ஒன்றுக்காக அடுத்த திங்கட்கிழமை மறுபடி போவேன். இந்த ஆட்டத்தில் ஹேண்டிகேப் என்ற ஏற்பாடு ஒன்று உண்டு. ஒருவனுடைய குறைவை எண்ணாக எழுதி, அதைக் கழித்துக்கொண்டு ஆடலாம். இப்போது அதன் உச்சவரம்பு 54. நாற்பது ஆண்டுகள் ஆடிய மருத்துவரும் குடையால் பழகிய நானும் சமமாகப் போட்டியிட முடிந்தது அதனால்தான். குறைவை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அந்த ஏற்பாடு நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் படித்தபோது என் மனதைக் கவர்ந்தவர் பாபி ஜோன்ஸ். அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தவர், 1902-இல் பிறந்தவர், தொழிலால் வழக்கறிஞர், கடைசிவரை பரிசுப் பணத்துக்காக ஆடாத அமெச்சூர். இளமையில் கோபக்காரர், மட்டையை வீசி எறிகிறவர். 1921-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் மணற்குழியிலிருந்து பந்தை வெளியே எடுக்கமுடியாமல், போட்டியைப் பாதியிலேயே கைவிட்டுப் போனார். (அந்தத் திடலில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது; ஊரார் நடக்கிறதற்காகத் திறந்து விடுவார்கள். என்னிடம் கேள்வி கேட்ட சபைக்குழு அங்கத்தினருக்கு இதைச் சொன்னேன். அவர் அசைந்துகொடுக்கவில்லை.) அதே மனிதர் 1930-ஆம் ஆண்டில் பிரிட்டனின் இரண்டு பெரும் பட்டங்களையும் அமெரிக்காவின் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றார். வென்றபின் 28 வயதில் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டார்.

ஆனால் அவரைப் பற்றி நான் அதிகமாகச் சொல்வது 1925-ஆம் ஆண்டின் அமெரிக்க ஓப்பன் போட்டியைத்தான். முதல் சுற்றில் கிரீனுக்கு அருகே உயர்ந்த புல்லில் அவர் பந்து கிடந்தது. அடிக்க ஆயத்தமானபோது மட்டை புல்லில் பட்டு, பந்து சற்றே அசைந்தது. வேறொருவரும் பார்க்கவில்லை. அவரே அதை அறிவித்து, ஓர் அடியைத் தம் கணக்கில் கூட்டிக்கொண்டார். நடுவர்கள் நிச்சயந்தானா என்று கேட்டும் அவர் மாறவில்லை. நான்கு சுற்றுகளின் முடிவில் அவரும் வில்லி மக்ஃபார்லேனும் சமமாக நின்றார்கள். மறுநாள் பதினெட்டுக் குழி ஆடியும் சமம். மறுபடியும் பதினெட்டு. ஓர் அடி வித்தியாசத்தில் ஜோன்ஸ் தோற்றார். அந்த ஓர் அடியைக் கூட்டாமல் விட்டிருந்தால் முதலிலேயே பட்டம் அவருடையது. பாராட்டியவர்களிடம் அவர், வங்கியைக் கொள்ளையடிக்காமல் இருந்ததற்காகவும் என்னைப் பாராட்டுவீர்களா என்ற கருத்தில் பதில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது.

இதை ஜூன் மாதத்தில் நம் ஆராதனையில் பிரசங்க உதாரணமாகச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அன்று வாசலில் கைகுலுக்கிய பலர் அதைக் குறிப்பிட்டார்கள்.

இப்போது தள்ளிப்போட்ட காரியத்துக்கு வருகிறேன். கடந்த மாதம் முதல் திங்கட்கிழமை அது. மூடுபனி சீக்கிரம் விலகிவிட்டது. நான் நூறு அடிகளுக்குள் ஒருபோதும் ஆட்டத்தை முடித்ததில்லை. 112, 109, 106 என்று இறங்கிக்கொண்டிருந்தேன். அன்று பதினைந்தாவது குழி முடிந்தபோது கணக்குப் பார்த்தேன். கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், பார்த்தேன். மிச்சமிருந்த மூன்று குழிகளைச் சுமாராக ஆடினாலே நூறுக்குள் வந்துவிடலாம்.

பதினாறாவதில் என் பந்து வலப்பக்கச் சரிவில், கணுக்கால் உயரப் புல்லுக்குள் விழுந்தது. மருத்துவர் இடப்பக்கம் மரங்களுக்கிடையில் தம் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். நான் மட்டையைப் பந்துக்குப் பின்னால் தரையில் வைத்தேன். புல் அமுங்கியது. பந்து ஒரு புரளல் புரண்டு, இரண்டு விரற்கடைத் தூரம் கீழே நகர்ந்து நின்றது.

குனிந்தேன். பந்தை எடுத்து முன்பிருந்த இடத்திலேயே வைத்தேன். அடித்தேன். அந்த அடி நன்றாகவே விழுந்தது.

இவ்வளவும் பத்து விநாடிகள்கூட ஆகியிருக்காது. இருந்த இடத்தில் வைத்துவிட்டேனே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அடுத்த குழிக்கு நடக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதி தெளிவானது: பந்தைத் திரும்ப வைக்கவேண்டும், ஓர் அடியைக் கூட்டவும் வேண்டும். பாதியை நிறைவேற்றினேன். பாதியை நிறைவேற்றியதால் முழுவதையும் நிறைவேற்றிய முகத்தோடு நடந்தேன்.

99.

மருத்துவர் என் தோளைத் தட்டினார். பந்தயப்படி இரட்டை முட்டை ஆம்லெட் வாங்கிக் கொடுத்தார். பையைச் சுமந்தவர் மட்டைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. வீட்டில் என் மனைவி மதிப்பெண் அட்டையைக் குளிர்பதனப் பெட்டியின் மேல், பேரப்பிள்ளையின் படத்துக்குப் பக்கத்தில், காந்தத்தால் ஒட்டிவைத்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது.

இரவில் விதிப்புத்தகத்தை எடுத்தேன். வேதத்துக்கு வியாக்கியானம் கற்றவனுக்கு விதிக்கு வியாக்கியானம் தேடுவது கடினமல்ல. 2019-இல் விதிகளைத் திருத்தியபோது, கிரீனில் பந்து தற்செயலாக அசைந்தால் தண்டனை இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். தேடும்போது தெரியாமல் உதைத்துவிட்டாலும் இல்லை. ஆனால் அடிக்க ஆயத்தமாகும்போது புல்லில் அசைந்தால் தளர்வு இல்லை. அதே பக்கத்தை மூன்று முறை வாசித்தேன். பக்கம் மாறவில்லை.

எவ்வளவு அற்பமான காரியம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைக்க முயன்றேன். பணம் இல்லை, பட்டம் இல்லை, ஓர் அட்டையில் இரண்டு எண்கள். அந்த வாரத்தில் ஒரு வீட்டில் மரணம். இன்னொரு வீட்டில் மகன் வேலையிழந்து திரும்பியிருந்தான். அந்தத் துக்கங்களின் நடுவே பந்து அசைந்ததை நினைத்துக்கொண்டிருப்பது எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் அடுத்த ஞாயிறு திருவிருந்து. அப்பத்தைக் கொடுத்துக்கொண்டே வந்தேன். முழங்காலில் நின்றவர்களின் வரிசையில் ஐந்தாவதாக ஒரு ஜோடிக் கைகள் நீண்டன. நாற்பது வருடம் மற்றவர்களின் பைகளைச் சுமந்து காய்த்துப்போன கைகள். முகத்தைப் பார்க்காமல் அப்பத்தை வைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டேன். முப்பது ஆண்டு ஊழியத்தில் நான் அப்படிச் செய்தது நினைவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்தேன். அதற்கடுத்த திங்கட்கிழமை ஆண்டுவிழாவின் களைப்பு. மூன்றாவது திங்கட்கிழமை மருத்துவரே வண்டியோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

முதல் குழிக்கு அருகில், பந்தை டீயில் வைக்குமுன் சொன்னேன். ஆயத்தம் செய்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. "டாக்டர் ஐயா, அன்றைக்கு என் கணக்கு 99 இல்லை, நூறு. பதினாறாவதில் புல்லுக்குள் பந்து அசைந்தது. நான் எழுதவில்லை" என்றேன்.

மருத்துவர் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

நான் பையைச் சுமந்தவர் பக்கம் திரும்பினேன். "அண்ணே, நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேன் ஐயா."

"ஏன் ஒன்றும் கேட்கவில்லை?"

"நீங்கள் சொல்லுவீர்கள் என்று தெரியும்" என்றார். பிறகு மட்டைகளைப் பையில் சரிசெய்துகொண்டே, "அந்த அமெரிக்காக்காரர் கதையை நீங்கள்தானே சொன்னீர்கள்? அவர் உடனே சொன்னார் என்றீர்கள். அதனால் பதினேழாவது குழியில் சொல்லுவீர்கள் என்று நினைத்தேன். பிறகு பதினெட்டில். பிறகு ஆம்லெட் வரும்போது. பிறகு ஞாயிற்றுக்கிழமை" என்றார்.

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மூன்று வாரங்கள் அவர் எனக்காகக் காத்திருந்திருக்கிறார். பையைவிட அதைச் சுமந்ததுதான் பாரமாக இருந்திருக்கும். வீட்டில் யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்க நா எழுந்தது, கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை? அவர் சொல்லியிருக்கவில்லை என்பதைப் பிற்பாடு, இதை எழுத அனுமதி கேட்டபோதுதான் அறிந்தேன்.

"மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே" என்றேன்.

"காற்று இடப்பக்கம் இருந்து வருகிறது ஐயா. சற்று இடப்பக்கமே குறி வையுங்கள்" என்றார்.

அன்று மிகவும் மோசமாக ஆடினேன். இரண்டு பந்துகள் பள்ளத்தில் போயின. மூன்று நிமிடம்தான் தேடலாம் என்பது விதி; மூன்று நிமிடம் முடிந்ததும் பெரியவர் கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டு நடந்துவிடுவார். ஒன்பதாவதில் காட்டெருமை ஒன்று கிரீனுக்கு முன்னால் படுத்துக்கொண்டு அசைபோட்டது. நாங்கள் மூவரும் கால்மணி நேரம் புல்லில் உட்கார்ந்திருந்தோம். வெயில் முதுகில் இதமாக இருந்தது. பெரியவர் தம் இளமையில் திடலுக்கு வந்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் மணற்குழியில் மட்டையை முறித்த கதையைச் சொன்னார். மருத்துவர் சிரித்ததில் எருமை எழுந்து போய்விட்டது.

பதினெட்டாவதில் கணக்குக் கூட்டினார்கள். 111. மூன்று பேரும் சேர்ந்தே கூட்டினோம்.

மட்டைகளைத் துடைத்து வைத்தபின் மருத்துவர் கேட்டார்: "பாஸ்டர், அப்படியானால் அந்த இரட்டை முட்டை ஆம்லெட்டுக்கு யார் காசு தருவது?"

கொடுத்தேன். மூன்று ஆம்லெட்டுக்கும் சேர்த்து. வீட்டுக்கு வந்து குளிர்பதனப் பெட்டியின் மேலிருந்த அட்டையை எடுத்து, 99-ஐ அடித்துவிட்டு 100 என்று எழுதினேன். ஏன் என்று கேட்ட மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அட்டையை என் கையிலிருந்து வாங்கி, அது முன்பிருந்த இடத்திலேயே ஒட்டிவைத்தாள்.